டெய்லரண்ணனின் கை அளவு

எங்கள் கடை வரிசையில் டெய்லரண்ணனுக்குத்தான் வாய் ஜாஸ்தி. அளவெடுக்கும்போது, "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, தொப்பை எங்க ஓடிடப் போகுது?" என்பார். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு அது தினசரி வேடிக்கை. கடையை மூடியதும் அந்த வாய் அடங்கிவிடும். மனைவி இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். காலையிலும் ரொட்டி டீ, ராத்திரியும் ரொட்டி டீ. "ஒருத்தனுக்கு எதுக்குடா அடுப்பு?" என்று அதற்கொரு நியாயம் வேறு.

ஒருநாள் கனத்த கோட்டுத் துணியை வெட்டிக்கொண்டிருந்தவரின் கத்தரி பாதியிலேயே நின்றது. அழுத்த கையில் வலுவில்லை. தொழிலே போய்விடுமோ என்று மனுஷன் வெலவெலத்துப் போனார். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"புரோட்டீன் பத்தல, சதை கரைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "சைவமா இருந்தா என்ன? பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, தயிர், சோயா. மாத்தி மாத்தி வேளைக்கு ஒண்ணாவது சேருங்க. மாசம் ஒரு தடவ மேல்கைய அளந்து எழுதி வைங்க."

துணியில் கால் அங்குலம் பிசகாத மனுஷன் கொண்டைக்கடலையில் கோட்டை விட்டார். நாலு பேர் இருந்த வீட்டுப் பழக்கத்தில் ஊறப்போட்டு, மூன்று நாள் அதையே தின்றார். பாதி என் மேசைக்கு வந்தது. எனக்குக் கடலை என்றாலே ஆகாது. எதிரே நின்று முகத்தையே பார்ப்பவரிடம் எப்படிச் சொல்வது? பிறகு லைனிங் துணியில் பாசிப்பயறு முளைகட்டப் பழகினார். ஒரே ஒரு கைப்பிடி.

அளவெடுப்பதில்தான் சிக்கல். தன் கையைத் தானே அளக்க முடியாமல், டேப் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதடா. அவ இருந்தா பிடிச்சிருப்பா."

நான் போய்ப் பிடித்தேன். ஒன்பதரை அங்குலம். அளந்து முடித்த பிறகும் கையை நீட்டியபடியே நின்றார். மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் ஒவ்வொரு முதல் தேதியும் நான்தான் அளந்தேன். ஐந்தாம் மாதம் பத்தேகால் வந்தது. கோட்டுத் துணியும் தடங்கலில்லாமல் வெட்டுப்பட்டது. டாக்டருக்கு ஏக சந்தோஷம். "இனிமே அளக்க வேண்டாம், இப்படியே சாப்பிடுங்க" என்றார்.

அடுத்த முதல் தேதி. நான் கடையைத் திறப்பதற்குள் டேப்போடு வந்து நின்றார். சட்டைக் கையை ஏற்கெனவே மடித்துவிட்டிருந்தார்.

"டாக்டர்தான் வேண்டாம்னுட்டாரேண்ணே?"

"தெரியும்டா." டேப்பை என்னிடம் நீட்டினார். "நான் தினம் பத்துப் பேரத் தொட்டு அளவெடுக்கிறேன். என்னைத் தொடுறது நீ ஒருத்தன்தான்."

டேப்பை வாங்கி அவர் மேல்கையைச் சுற்றிப் பிடித்து, "பத்தேகால்" என்றேன்.

"சரியாப் பாத்தியா?"

மறுபடியும் அளந்தேன்.