ஜாடியோடு மஞ்சக்குட்டைக்கு

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால். சேலம் புதிய பஸ் நிலையத்திலிருந்து ஏற்காடு பஸ் கிளம்பியபோது என் மடியில் பத்து லிட்டர் பீங்கான் ஜாடி ஒன்று உட்கார்ந்திருந்தது. மேலே வைக்க இடமில்லை, கீழே வைக்கப் பயம். கோரிமேட்டில் ஏறிய கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கண்டக்டர் ஜாடியை விரலால் சுண்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, ஊறுகாய் யாவாரமுங்களா?”

“இல்லைங்க, அக்கா ஊட்டுக்குப் போறேன்.”

“அக்கா ஊட்டுக்குப் பூவும் பழமும் கொண்டு போவாங்க. நீங்க காலி ஜாடியத் தூக்கிட்டுப் போறீங்களே!”

ஒயின் போடப் போகிறேன் என்று பஸ்ஸில் உரக்கச் சொல்ல முடியுமா? சிரித்து வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் ஒயின் என்றால் ஆரஞ்சு ஒயின்தான். பிலோமினா அக்காவை மஞ்சக்குட்டையில் கட்டிக் கொடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு நவம்பரும் நான் மலையேறுவேன். அக்காவின் கணவர் சார்லஸ் மாமா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவர் பழம் கொண்டு வருவார், அக்கா சாறு பிழிவாள், நான் ஜாடியைப் பார்த்துக்கொள்வேன். பிறகு எனக்கு மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை கிடைத்தது. அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நான் அங்கிருக்கும்போதே மாமா மாரடைப்பில் போய்விட்டார். அதோடு அக்காவும் ஒயினை விட்டாள். கேக்கை விட்டாள். வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டுவதையும் விட்டாள். இந்த வருடம் நான் ஊரோடு வந்துவிட்டேன். நவம்பர் முடிவதற்குள் போட்டால்தான் பண்டிகைக்கு வடிகட்ட முடியும் என்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கிளம்பினேன்.

முந்தின நாள் செவ்வாய்ப்பேட்டையில் சுற்றியலைந்தேன். ஜாடி எண்ணூற்றைம்பது ரூபாய். மூன்று கடைகளில் பிளாஸ்டிக் டிரம்மைத்தான் காட்டினார்கள். பேக்கரிச் சாமான் கடையில் ஈஸ்ட் கேட்டதும், “கேக்குக்கா, பன்னுக்கா?” என்றார் கடைக்காரர். ஒயினுக்கென்றே தனி ஈஸ்ட் ஆன்லைனில் கிடைக்கிறது, ஆனால் வந்துசேரப் பத்து நாள் ஆகும் என்று என் மகள் சொல்லியிருந்தாள். எனவே பன்னுக்கே வாங்கிக்கொண்டேன். பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை, நான்கு கிலோ சர்க்கரை. பழம் மட்டும் மலையில்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஜாடியை அணைத்தபடியே கடந்தேன். எட்டேகாலுக்கு ஏற்காட்டில் இறங்கியபோது ஏரி தெரியவில்லை. அத்தனை பனிமூட்டம். அங்கிருந்து மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப்.

அக்கா வாசலில் காப்பிக் கொட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஜாடியைப் பார்த்ததும் சுருங்கியது.

“வா சோசு. அது என்னத்துக்கு?”

சொன்னேன்.

“வேண்டாம் கண்ணு. ஊத்திக் குடுக்க ஆளில்லாத ஊட்ல ஒயின் என்னத்துக்கு?”

“நான் இருக்கேனே, அக்கா.”

“நீ சேலத்துல இருக்க.” முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மதியம் சோறு போடும்போது அவளே ஒரு முடிவு சொன்னாள். “ஆசப்பட்டு வந்துட்ட. போட்டுக்கோ. நான் கைய வைக்க மாட்டேன். திங்கக்கிழம போறப்ப ஜாடியத் தூக்கிட்டுப் போயிரணும்.”

சரி என்றேன்.

சனிக்கிழமை காலை பழம் தேடிக் கிளம்பினேன். ஒரு காலத்தில் மஞ்சக்குட்டையைச் சுற்றி எந்த வேலியை எட்டிப் பார்த்தாலும் ஆரஞ்சு தொங்கும். இப்போது சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிதான் ஏறி நிற்கிறது. ஏற்காடு கடைவீதியில் அடுக்கியிருந்தவை நாக்பூர்ப் பழங்கள். கையில் எடுத்து முகர்ந்தேன். இனிப்பு சரி, ஆனால் மலைப் பழத்தின் புளிப்பு அதில் இல்லை. புளிப்பில்லாவிட்டால் ஒயின் சர்க்கரைத் தண்ணீராகிவிடும்.

பன்னிரண்டு கிலோ மலைப் பழம் வேண்டும் என்று விசாரித்தபோது ஜீப் டிரைவர் ஒருவர், கரடியூரில் இரண்டு மூன்று தோட்டங்களில் இன்னும் மரம் நிற்கிறது என்றார். “இத்தன பழம் என்னத்துக்குங்க? சாராய ஊறல் கீறல் போடறீங்களா?” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“கிறிஸ்துமஸ் ஒயினுங்க. ஒரே ஒரு ஜாடி.”

“அதானே பாத்தேன். சர்ச்சு முகமாத்தான் இருக்குது.”

கரடியூரில் அண்ணாமலையின் தோட்டத்தைக் காட்டி இறக்கிவிட்டார். அண்ணாமலைக்கு ஐம்பது வயதிருக்கும். காப்பிக்கு நடுவே ஒன்பது ஆரஞ்சு மரங்களை விட்டு வைத்திருந்தார். பழங்கள் சிறியவை, தோல் தொளதொளவென்று புள்ளி விழுந்திருந்தது. ஒன்றை உரித்து வாயில் போட்டேன். கண் தானாக மூடிக்கொண்டது. அந்தப் புளிப்பேதான்!

“எதுக்குங்க வச்சிருக்கீங்க? விலை போகாதுன்னு எல்லாரும் வெட்டிட்டாங்களே?”

“எம் பொண்டாட்டிக்குப் புடிக்குமுங்க. அவ வெட்ட உடமாட்டேங்குறா.” சற்று வெட்கத்தோடு சொன்னார். “பொழுதன்னிக்கும் மரத்தடியில நின்னு தின்னுட்டு இருப்பாளுங்க.”

கிலோ அறுபது ரூபாய். பன்னிரண்டு கிலோ பறித்துக் கொடுத்தார். “உங்க சம்சாரம் கோவிச்சுக்க மாட்டாங்களா?” என்றேன். “அவ அம்மா ஊட்டுக்குப் போயிருக்கறாளுங்க. வர்றதுக்குள்ள நீங்க கெளம்பிருங்க” என்று சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜீப் வரை வந்தார்.

மாலை ஐந்து மணிக்கு அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து பழத்தை உரிக்க ஆரம்பித்தேன். அக்கா கதவோரம் நின்று பார்த்தாள். நான்காவது பழம் வரை பொறுத்தாள்.

“வெள்ளத்தோலு அப்படியே ஒட்டிட்டு இருக்குது. கசந்து போயிரும்.”

“நீங்கதான் கைய வைக்க மாட்டேன்னுட்டீங்களே.”

“வாய வைக்கலாமில்ல?”

அடுத்த பழத்தில் என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். “கரண்ட்டு வேலை பாத்த கைக்கு ஆரஞ்சு எங்கடா வசப்படும்? தள்ளு.” அதன் பிறகு நான் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஆறவைக்க, அவள் சாறு பிழிந்து வடிகட்டினாள். அவள் தோலைத் தூக்கிப் போடாமல் ஒரு தட்டில் சேர்த்தாள், கேக்குக்கு ஆகும் என்று. அதைப் பார்த்தும் பாராதது போல இருந்தேன்.

வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஈஸ்ட் கிண்ணத்தில் நன்றாகவே நுரைத்தது. பட்டை, கிராம்பு, கோதுமையோடு எல்லாவற்றையும் ஜாடியில் சேர்த்து, அதன் வாயில் துணி கட்டிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை துணியை அவிழ்த்தால் ஒரு குமிழி இல்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது சாறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து பார்த்தேன், அப்படியே இருந்தது. மதியமும் அப்படியே. இந்தக் குளிரில் ஈஸ்ட் அடங்கிவிட்டது. இன்னொரு பொழுது இப்படியே கிடந்தால் சாறு கெட்டுவிடும், வேறு பழத்துக்கும் வழியில்லை. எனக்கு உள்ளூர வேறொரு பயம். இது வீணானால் அக்கா, ‘பாத்தியா, நான்தான் சொன்னேனே’ என்று நிரந்தரமாகக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நான் ஜாடியை அடுப்பருகே நகர்த்திக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் மாமாவின் கறுப்புக் கம்பளி. எஸ்டேட்டில் பனிக்காலத்தில் அவர் போர்த்திக்கொண்டு திரிந்தது. அவர் போன பிறகு அதை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. வீடெங்கும் நாப்தலின் வாசனை பரவியது.

“அக்கா, அது வேண்டாம். கறை பட்டுரும்.”

“படட்டும். பீரோவுக்குள்ள என்ன குளிருது?”

ஜாடியை இரண்டு சுற்றுச் சுற்றி, முந்தானையைச் செருகுவது போல நுனியைச் செருகினாள். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அவருக்குக் குளிரே ஆகாது. நொம்பச் செல்லம் கொண்டாடுவாரு” என்றாள். மாமாவைப் பற்றி அவள் தானாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அதன் பிறகு இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை என்னை எழுப்பியதே அவள்தான். “சோசு, வந்து காதை வச்சுப் பாரு.” ஜாடிக்குள் சோடா திறந்தது போல மெல்லிய சலசலப்பு. துணியை விலக்கினால் விரலளவு நுரை! மரக்கரண்டியால் அவளே கலக்கினாள்.

எட்டு மணி ஜீப்புக்கு நான் பையை மாட்டிக்கொண்டு, வாக்குக் கொடுத்தபடி ஜாடியைத் தூக்கப் போனேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

“எங்க எடுத்துட்டுப் போற? இருபது வளைவுல குலுக்கினா என்னத்துக்கு ஆகும்? அது இங்கயே இருக்கட்டும். நீ போ.”

“தினம் கலக்கணுமே, அக்கா.”

“எனக்குத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கரண்டி புடிச்சவ நான்.”

அது பொய். ஜாடியை விட்டுவிட்டு ஜீப்புக்கு நடந்தேன்.

சேலத்தில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. என் வீட்டுச் சமையலறையில் போட்டிருந்தால் அன்று இரவே பொங்கியிருக்கும். யாரும் போர்த்த வேண்டாம், யாரும் காது வைத்துக் கேட்க வேண்டாம். எங்கள் ஊரில் எல்லாம் தன்போக்கில் புளிக்கும். மலையில் ஒன்று புளிக்க வேண்டுமானால் அதற்கு ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, ஒயினைப் போட இன்னும் மலைக்கே ஓடுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். நுரை அடங்கி நிறம் ஏறுகிறதாம். அதைச் சொல்லிவிட்டு, “செவ்வாய்ப்பேட்டைல ஒயின் கிளாஸ் கெடைக்குமா சாமி?” என்றாள்.

“எத்தனை வேணும்?”

போனிலேயே பெயர்களை முணுமுணுத்து எண்ணினாள். பக்கத்து வீடு, எதிர்வீடு, சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை குடும்பம், ஃபாதர்.

“ஒரு டஜன் பத்தாது” என்றாள்.