குழவிக்கு எடுத்த கல்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது மூன்று, ஓர்ப்படி செத்தபோது விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஒன்றும் சோடை போகவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்ற எழுத்தை வைத்துக்கொண்டு நான்கு நாளாக எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன். கை வலித்தால் நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் காத்த சங்கதி இன்னும் நாலு நாள் காக்கும்.

எழுத வைத்தவள் என் பேத்தி. அவள் கடலடிச் சேற்றைப் படிக்கிறவள். கப்பலில் போய், ஆழ்கடலின் தரையில் நீளக் குழாயை இறக்கி, சேற்றை அப்படியே உருவிக்கொண்டு வருவார்களாம். மேலே இருப்பது புதுசு, அடியில் இருப்பது பழசு. லீவில் வந்தவள் போனில் படம் காட்டினாள். நீளப் பெட்டி, அதில் வரிசையாகச் சேறு, ஓரத்தில் அம்புக்குறி.

“இது எங்கப்பா பெட்டியாச்சே!” என்றேன். அவள் சிரித்தாள்.

பூமி குளிர்ந்து பாதித் தேசங்களைப் பனி மூடிய காலங்கள் உண்டாம். அது எப்படி ஆரம்பிக்கிறது என்றுதான் அந்தச் சேற்றில் தேடுகிறார்கள். கரையே எட்டாத நடுக்கடலின் அடியில் பொடிக்கற்கள் கிடக்கின்றனவாம். யார் கொண்டுவந்து போட்டது? தெற்குக் கோடியிலிருந்து மிதந்து வரும் பனிமலைதான். வயிற்றில் கல்லை வைத்துக்கொண்டு வருமாம். உருகுகிற இடத்தில் கல்லைக் கீழே விட்டுவிடுமாம். எப்போதும் உருகுகிற இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்து உருகினால், அந்த நல்ல தண்ணீர் கலந்து கடலின் ஓட்டமே மாறிப்போகுமாம். பூமியைச் சூடாக வைத்திருக்கும் காற்றைக் கடல் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ள, குளிர் கூடிக்கொண்டே போகுமாம். அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின் ஓட்டில் பதிந்து, அதே சேற்றில் கிடக்கிறதாம்.

எனக்கு ஒரு சந்தேகம். “குளிர் வந்ததால கல்லு வுழுந்திச்சா, கல்லு வுழுந்தப்புறம் குளிர் வந்திச்சா?”

அவள் போனைக் கீழே வைத்தாள். “ஆயா, எங்க ஆபீஸ்ல சண்டையே இதுதான். கல்லு அடியில கெடக்குது, குளிர் அதுக்கு மேல கெடக்குது. அப்போ கல்லுதான் ஃபர்ஸ்ட். ஆனா நடுவுல ரொம்ப கொஞ்சம் சேறுதான். அந்தத் துண்டு மட்டும் காணாமப் போச்சுன்னா ஆரம்பமே காணாமப் போன மாதிரி.”

அப்படி ஒரு துண்டைக் காணாமல் போக்கியவள் நான்.

அப்போது எனக்கு எட்டு வயது. தங்கச் சுரங்கக் கம்பெனி கொடுத்த சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சுரங்கத் தூசியால் இருமல் வந்து, கம்பெனி டாக்டர் சொன்னதன் பேரில் மேலே கோர் ஷெட்டில் வேலை கொடுத்திருந்தார்கள். பாறையைத் துளைக்கிற மிஷின், கல்லைக் கட்டைவிரல் பருமனில் குச்சி குச்சியாக வெளியே தள்ளும். அதுதான் கோர். அந்தத் துண்டுகளை எடுத்த வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்கி, எந்தப் பக்கம் ஆழம் என்று சாக்பீஸால் அம்பு போடுவது அப்பாவின் வேலை. தங்கம் எங்கே தொடங்குகிறது என்று அதைப் பார்த்துத்தான் ஆபீசர் சொல்வார்.

எனக்குத் தங்கம் வேண்டாம், குழவி வேண்டும். பக்கத்து வீட்டுச் சிறுமி ஆண்டர்சன்பேட்டைத் திருவிழாவில் வாங்கிய மரச்சொப்பை வைத்துக்கொண்டு என்னை விளையாட்டில் சேர்க்கவில்லை. நான் உடைந்த கடப்பைக்கல்லை அம்மியாக்கியிருந்தேன். சோறு கொண்டுபோன ஒரு மத்தியானம், அப்பா கை கழுவப் போன நேரத்தில் பெட்டியைப் பார்த்தேன். ஒரு துண்டு பாதி கறுப்பு, பாதி வெள்ளை, விரல் நீளம். பாவாடையில் முடிந்துகொண்டேன். இடைவெளி தெரியாமல் மற்றக் கற்களை நெருக்கித் தள்ளியும் வைத்தேன். எனக்கு அப்போதே அவ்வளவு சாமர்த்தியம்.

வீட்டுக்கு வந்ததும் அதன் இரண்டு முனைகளையும் வாசற்படியில் தேய் தேய் என்று தேய்த்து உருண்டையாக்கினேன். குழவி என்றால் உருள வேண்டாமா?

சாயந்திரம் அப்பா முகம் செத்து வந்தார். கூடவே மாமா, அம்மாவின் தம்பி. உடைந்த கல்லின் வாய் அடுத்த கல்லின் வாயோடு பொருந்த வேண்டும். ஓர் இடத்தில் பொருந்தவில்லை, அதுவும் கறுப்புக்கல் முடிந்து வெள்ளைக்கல் தொடங்கும் இடத்தில். காலையில் ஆபீசர் வருகிறார்.

“இன்னா மாமா, ஒரு வெரல் கல்லுக்கு இப்டி முயிக்கிறீங்க? தள்ளி வுடுங்க. கல்லு இன்னா வாயத் தொறந்து சொல்லப் போவுதா?” என்றார் மாமா.

“வாய் சேரலியே மச்சான்” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

நான் கதவுக்குப் பின்னால் கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுத்திருக்கலாம். ஆனால் அதற்கு வாயே இல்லை, நான்தான் தேய்த்துவிட்டேனே! இனி அது எதோடும் சேராது. எது மேல், எது கீழ் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் அப்பா காலி இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்து, ‘இங்கே கல் இல்லை’ என்று எழுதிப் பெட்டியை நீட்டினாராம். தொலைத்தவன் அவர்தான் என்று ஆபீசர் திட்டித் தீர்த்து, திரும்பவும் சுரங்கத்துக்குள் இறங்கச் சொல்லிவிட்டார். “பொய் சொல்லத் தெரியாத ஆளுக்குக் கட்டி வெச்சாங்களே” என்று அம்மா அடுப்போடு பேசினாள். அந்த வருஷம் முழுக்க அப்பா கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினார். இருமல் அவருக்கு முன்னால் வீட்டுக்கு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் சொப்பு வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். “இன்னாம்மா சமையல்?” என்றார். புளியங்கொழுந்துத் துவையல் என்றேன். வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு அம்மிமேல் இருந்த குழவியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். தேய்ந்த முனைகளைக் கட்டைவிரலால் தடவினார், முதலில் ஒன்று, அப்புறம் மற்றது.

“உப்பு கம்மி” என்றார். குழவியை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

நல்லவேளை, அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன். அன்றைக்கு இரட்டிப்பு சந்தோஷத்தோடு விளையாடினேன். நாளெல்லாம் கல்லின் வாயைத் தடவிப் பார்க்கிற விரல் அது என்பது என் எட்டு வயதுக்கு எட்டவில்லை.

எழுதினது போதும். கண்ணு, தாள் பறக்காமல் மேலே வைத்திருக்கிறேனே, அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வை. முனையைத் தடவிப் பார்த்தாயா? சரி, இப்போது முதலிலிருந்து படி. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். வரிசையை மட்டும் மாற்றாதே.