அப்பா அறையில் புளித்த பீர்

என் அப்பாவோடு பிறந்தவர்கள் நான்கு பேர். மூத்தவர் ஷூர் பெரியப்பா. அவருக்கு ஒரே பிள்ளை, மொன்ஸ் அண்ணன். நாற்பத்தொரு வயது வரை அவன் பீர் காய்ச்சியதே இல்லை. நார்வேயில் எங்கள் வொஸ் ஊர்ப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. குற்றம் அவனுடையதல்ல. காய்ச்சும் நாளில் பெரியப்பா கொட்டகைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வார். இவன் விறகை வாசலில் போடுவதோடு சரி.

ஜெர்மன்காரர்கள் நார்வேயை விட்டுப் போன மறு குளிர்காலம், பெரியப்பா நெஞ்சுச்சளியோடு படுத்தார். மார்ச்சைத் தாண்டாது என்றார் டாக்டர். தன் சாவுக்கு வருகிறவர்கள் குடிக்கவென்று முன்கூட்டியே பார்லியை முளைகட்டிக் காயவைத்திருந்தார் மனுஷன். எங்கள் ஆட்கள் அப்படித்தான். சாவு வீட்டு பீர் தண்ணியாக இருந்தால் பேரன் காலம் வரை பேசுவார்கள்.

அதை மொன்ஸ்தான் காய்ச்ச வேண்டியதாயிற்று. பார்லிச் சாற்றைக் காய்ச்சி, கறந்த பால் சூட்டுக்கு ஆறவிட்டு ஈஸ்ட்டைப் போட்டான். போடும்போது ஓங்கிக் கத்தினால்தான் பீருக்கு வீரியம் ஏறும் என்பார்கள். கூச்சப்பட்டு மெல்லக் கத்தினான்.

"என்னடா அது? பூனைய மிதிச்சிட்டியா?" என்றார் கிழவர் படுக்கையிலிருந்து.

கோளாறு கத்தலில் இல்லை. கொட்டகையில் வாளித் தண்ணீர் உறைகிற குளிர். ஆட்டுத்தோல் போர்த்தியும் தொட்டி சில்லிட்டு, ஈஸ்ட் அடங்கிப்போனது. நாலாம் நாள் ஊசல் வாடை. பன்றிக்கு ஊற்றினான்.

மிச்சம் இருந்தது முளைகட்டிய பார்லியில் பாதி, ஒரு கைப்பிடி ஈஸ்ட்.

"இதுவும் போச்சுன்னா, அப்பா?"

"இங்க வாடா, உக்காரு." கட்டில் ஓரத்தைத் தட்டினார். "சூடுதான் எல்லாம். வெரல வைக்காத, வேலை செஞ்ச வெரலுக்குச் சூடு தெரியாது. முழங்கைய வச்சுப் பாரு. தொட்டிய இந்த அறையில, என் கட்டிலோட ஒட்டி வை. இங்கதான் அடுப்பு அணையறதில்ல."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்காதா?"

"பொங்குற சத்தம் கேட்டுட்டுக் கெடக்கேன். சன்னல் இடுக்குல பாசி வச்சு அடை. கதவத் தெறந்து தெறந்து எட்டிப் பாக்காத, சூடு போயிரும். நாளைக்குக் காலையில வா."

இம்முறை மொன்ஸ் வீடு அதிரக் கத்தினான். "ம், இது கத்து" என்றார் பெரியப்பா.

மறுநாள் காலை அவனோடு கஞ்சி கொண்டுபோனது என் அக்கா குன்வோர், மொன்ஸுக்கும் மூத்தவள். தொட்டிக்கு மேலே ஒரு சாண் நுரை. கிழவர் தூங்குவதுபோலக் கிடந்தார். அவரைத் தொடக் குனிந்த அக்காவுக்குத் தலை சுற்றியது. கையிலிருந்த விளக்கைத் தாழ்த்தினாள். சுடர் பட்டென்று அவிந்தது.

"மூச்சு விடாத! வெளிய வா!" என்று அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

புளிக்கிற தொட்டியின் காற்று தரையோடு தேங்கும், மூச்சை அடைக்கும். ஒருமுறை சரியாகப் புளிக்க வைத்தவனும் தொட்டி இருக்கிற அறையை அடைத்து வைக்கமாட்டான்.

பெரியப்பாவின் சாவுக்குக் காரணம் நெஞ்சுநோய் என்றே எழுதினார் டாக்டர். பீரோ, அப்படி ஒன்றை நாங்கள் அதுவரை குடித்ததில்லை. அடக்கம் முடிந்து கிண்ணம் சுற்றி வந்தபோது பக்கத்துப் பண்ணை ஓட்மன்ட் கேட்டார்: "அசத்திட்டியேப்பா! இந்தக் குளிர்ல எங்க வச்ச?"

"அப்பா அறையில."

ஓட்மன்ட் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்.

அக்கா அண்ணனைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"உன் மேல தப்பில்ல மொன்ஸ். அம்பது வருஷம் காய்ச்சின மனுஷனுக்கு அந்தக் காத்து தெரியாதா?"

"தெரியும்க்கா. அதான் தாங்கல. பொறந்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தாரு. அதுவும் இதுக்குத்தானா?"

உள்ளே யாரோ கிண்ணத்தால் மேசையைத் தட்டினார்கள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊற்றப் போனான்.