முப்பது நாள் சாவி

எங்கள் பட்டாசு ஆலை கேட்டில் சுவர் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி இருக்கிறது. நானூறுக்கு மேல் அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். யாராக இருந்தாலும் பீடி, தீப்பெட்டி, கைப்பேசி மூன்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலாளி பலவேசம் அண்ணாச்சியே தன் இரண்டு போனையும் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். உள்ளே வெடிமருந்து கிடக்கிறது, விளையாட்டு இல்லை. அந்தப் பெட்டிக்குக் காவல் நான், ராக்கப்பன். இதற்கு முன் பதினேழு வருடம் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். ஊர் முழுக்க நல்ல நேரம் பார்க்க, ராகு காலம் மாறிவிடாமல் பார்த்துக்கொண்டவன். இப்போது போன் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நாற்பத்தொன்றாம் அறை செல்வலட்சுமியுடையது. ஆமத்தூர்க்காரி. அவள் அம்மா அய்யம்மாள் எங்கள் ஆலையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். எந்தச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாலும் அவள் நகக்கண்ணில் ஒட்டிய வெடிமருந்தின் வெள்ளிப்பொடி போகாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு மகளை விருதுநகர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். "எம்மக கையில மருந்து ஒட்டக் கூடாதுண்ணே" என்பாள். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

செல்வலட்சுமிக்கு ஆலை ஆபீஸிலேயே வேலை கிடைத்தது. பட்டாசு செய்கிற கொட்டகைதான் செட்டு; எந்தச் செட்டில் இன்று எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று தினமும் காலையில் கணக்கெடுத்து நோட்டில் ஏற்ற வேண்டும். அத்தோடு ஆர்டர், லோடு, பிரிண்டர் ரிப்பேர், மின்விசிறி ரிப்பேர், முதலாளி வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூட புராஜெக்ட். மூன்று பேர் வேலையை ஒருத்தியே பார்த்தால் அவளுக்குக் கம்பெனியில் ஆபரேட்டர் என்று பெயர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி மகன் ராம்குமார் வெளியூரில் படித்து முடித்து வந்து இறங்கினார். வந்ததும் இருபது வருட நோட்டைப் பார்த்து முகம் சுளித்தார். இனி எல்லாம் கிளவுடில்தான், கணக்கு நோட்டில் இல்லை, எங்கோ தூரத்தில் இருக்கிற கம்ப்யூட்டரில் இருக்கும் என்றார். அதுவும் எல்லாரும் போகிற இன்டர்நெட் வழியாக இல்லை. ஆலைக் கம்ப்யூட்டரிலிருந்து மேலே உள்ள கம்பெனி இடத்துக்கு மட்டும் போகிற தனி வழி. அதில் வேறு எங்கும் போக முடியாது, யாரும் வர முடியாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் கணக்கு மேலே போய்விடும். அதற்கு ஒரு கருவி உண்டு, கம்ப்யூட்டருக்குள் போடுகிற புரோகிராம். எட்டரைக்குள் கணக்கு போகாவிட்டால் ஒரு செட்டையும் திறக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார். உத்தரவு அன்றைக்கே வந்துவிட்டது. கருவி மட்டும் வரவில்லை. அது ஓடுகிற வரை நோட்டில் எழுதியே செட்டைத் திறந்தோம்.

கருவியைப் போட்டுத் தர பெங்களூரிலிருந்து ஹரிபிரசாத் என்று ஒரு நிபுணர் வந்தார். கேட்டிலேயே அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

"போனை வச்சிட்டுப் போங்க சார்."

"போன் இல்லாம நான் எப்படி வேலை பார்க்கிறது?"

"இங்க நானூறு பேரு அப்படித்தான் பாக்காக. நீங்க நானூத்தியோராவது ஆளு, உங்களுக்கும் அதே பெட்டிதான்."

அவர் உள்ளே வரவே இல்லை. விருதுநகர் லாட்ஜில் ஏசி அறை போட்டு, தன் லேப்டாப்பில், தன் போன் நெட்டில் கருவியைப் போட்டு ஓட்டிக் காட்டினார். என்ன அழகாக ஓடியதாம்! ராம்குமார் கை தட்டினாராம். ஆலையில் ஓட வேண்டியதை லாட்ஜில் ஓட்டிக் காட்டிவிட்டு, "ஒரே ஒரு கமாண்டுதான், உங்க ஆபரேட்டரே பாத்துக்குவாங்க" என்று சொல்லி, பரோட்டாவும் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு ரயிலேறினார்.

ஆபரேட்டர் பார்த்தாள். முதலில் கருவி பேயாட்டம் ஆடியது. மேலே உள்ள இடத்தின் பெயரைச் சொன்னால், அது உள்வழியை விட்டுவிட்டு வெளி விலாசத்தைத் தேடிக்கொண்டு ஓடியது. வெளி வழிதான் அடைத்தாயிற்றே, முட்டி நின்றது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்து, இந்தப் பெயர் என்றால் இந்த உள் விலாசம் என்று கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்துச் சரி செய்தாள். பெங்களூர் நிபுணர் லாட்ஜில் இதைப் பார்த்தே இருக்க மாட்டார், பாவம்.

அடுத்தது பெரிய கூத்து. கருவிக்குள் நுழைய ஆறு இலக்க எண் கேட்டது. அந்த எண் அவள் போனில் வரும். முப்பது விநாடிக்கு ஒரு தடவை மாறும். போனோ என் பெட்டியில், நாற்பத்தொன்றில். ஆபீசிலிருந்து கேட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். வெயிலில் மூச்சிரைக்க ஓடி வந்து எண்ணைப் பார்த்து, கையில் எழுதிக்கொண்டு, திரும்ப ஓடுவாள். போய்ச் சேர்வதற்குள் எண் பத்துத் தடவை மாறியிருக்கும். தொலை தூரத்தில் இருக்கிற நிபுணருக்கு மெயில் எழுதிக் கேட்டாள். 'போனை எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளவும்' என்று பதில் வந்தது. பட்டாசு ஆலைக்குச் சொல்லுகிற புத்தியைப் பாருங்கள்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதன் எதிரே இருந்திருந்தால் அவரையே மடித்து அந்தப் பெட்டியில் வைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை ராம்குமார் அவளைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை எட்டரைக்குக் கணக்கு மேலே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வேலையை ஹரிபிரசாத் கம்பெனியிடமே கொடுத்துவிடுவேன் என்றார். "உன்னை வேலைய விட்டு எடுக்கமாட்டேன், பயப்படாத. ஏழாம் நம்பர் செட்டுக்குப் போயிரு. அம்மா பக்கத்துலயே இருக்கலாம்ல?" ஏதோ தீபாவளி போனஸ் கொடுப்பதுபோலச் சொன்னாராம். அவள் போனை எடுக்கக் கேட்டுக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அம்மாட்ட சொல்லிராதீக மாமா" என்றாள். ஊர் முறைக்கு நான் அவளுக்கு மாமா.

"சொல்ல மாட்டேன் தாயி. நாளைக்கு ஓடாத. இன்டர்காம்ல கூப்பிடு, நான் பாத்துச் சொல்லுதேன்."

கேட்டுக்கும் ஆபீசுக்கும் கம்பி போட்ட இன்டர்காம் ஒன்று பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அது அடித்தது. நாற்பத்தொன்றிலிருந்து போனை எடுத்து, எண் மாறிய கையோடு ஆறையும் படித்தேன். பிழை திருத்துகிறவன் வாய், ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பக்கம் "போயிருச்சு மாமா, போயிருச்சு!" என்று கத்தினாள். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. கேட்டில் நின்ற லாரி டிரைவருக்கு என் காசில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சந்தோசம் ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை ராம்குமார் என் வீட்டுக்கே போன் போட்டார். ஹரிபிரசாத் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாராம்: போன் ஓரிடம், கம்ப்யூட்டர் ஓரிடம், நடுவில் யாரோ எண்ணைச் சொல்கிறார்கள், இது பாதுகாப்பு மீறல்.

"ரகசிய நம்பர வாட்ச்மேன் படிக்கிறதா? என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீக?"

"உங்க ரெண்டு போன், அப்பாவோட ரெண்டு போன், நாலும் என் கையிலதான தம்பி இருக்கு?"

படக்கென்று போனை வைத்துவிட்டார். ஆனால் இன்டர்காம் வழி அடைந்தது. மீதி இருந்தது ஒரு ராத்திரி.

அன்றைக்குச் செல்வலட்சுமி தூங்கவில்லை. கருவியோடு வந்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்திருக்கிறாள். நிபுணர் படிக்காத பக்கங்கள் என்று நினைக்கிறேன். அதில் இருந்திருக்கிறது: மனுசன் நுழைந்தால்தான் ஆறு எண் வேண்டும். கம்ப்யூட்டரே தன் பெயரில் நுழையலாம். அதற்கு ஒரு சாவி போதும். சாவியில் இரண்டு பாதி. ஒரு பாதி ஆலைக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வரக் கூடாது. மறு பாதியை மேலே பதிந்துவிட வேண்டும். பதிகிற அதிகாரம் ராம்குமாரிடம் இருந்தது. அது தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவள் உள்ளே போய்ச் சாவியை உண்டாக்கி, வெளியே வர வேண்டிய பாதியை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்தாள். அவள் போன் போட்டு வரவழைத்திருந்த ராம்குமார் கேட்டுக்கு வெளியே காரில் லேப்டாப்பும் போனுமாக உட்கார்ந்திருந்தார். அவள் கார் ஜன்னலோரம் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் தட்டினார்.

"சாவி எத்தனை நாளைக்கு சார்? ஒரு வருசம் போடலாம்" என்றாள்.

"ஒரு வருசமா? சின்னதா வச்சாத்தான் சேஃப்டி. ஹரி சொல்லிருக்காரு. முப்பது நாள் போதும்."

"அப்ப மாசாமாசம் புதுசு பண்ணணும் சார். இல்லன்னா நின்னுரும்."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

உள்ளே ஓடினாள். எட்டு இருபத்தொன்றுக்குக் கணக்கு மேலே போனது. எண் இல்லை, போன் இல்லை, நான் இல்லை. செட்டுகள் திறந்தன. அன்று சாயங்காலமே ஹரிபிரசாத்தின் மெயில் எல்லாருக்கும் வந்தது: திட்டத்தை வெற்றிகரமாக முடித்துவிட்டோம். ராம்குமார் அதை அச்சடித்துச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார். அதில் செல்வலட்சுமி பெயரைத் தேடிப் பார்த்தேன். எழுத்துப் பிழை இருந்தது, அவள் பெயர் இல்லை.

பத்து நாள் கழித்து ராம்குமாருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. கம்ப்யூட்டரே நுழைகிறது, கம்ப்யூட்டரே அனுப்புகிறது. செட்டு எண்ணிக்கையை ஃபோர்மேனே தட்டிவிடலாம். அப்புறம் ஆபரேட்டர் எதற்கு? அவள் தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள். ஏழாம் செட்டில் ஒரு ஆள் குறைவதாகவும் அவரே சொன்னார். பலவேசம் அண்ணாச்சி சீசன் நேரத்தில் எதையும் காதில் வாங்க மாட்டார், தலையை ஆட்டினார்.

அய்யம்மாளுக்குச் செய்தி செட்டுக்குள்ளேயே போய்விட்டது. வேலை முடிந்து கேட்டுக்கு வந்து நின்றாள். அந்த வெள்ளிக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அது எங்கே போகும்? "நான் செத்தாலும் அவ அந்தச் செட்டுல உக்கார மாட்டாண்ணே" என்றாள். அழவில்லை. நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செல்வலட்சுமி ஏழாம் செட்டுக்குப் போகவில்லை. புதுச் சாவி போடுகிற விதத்தையும் பழைய சாவி முடியும் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி, கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினாள். நாற்பத்தொன்றிலிருந்து போனை எடுத்தாள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள்.

"வாரேன் மாமா."

இரண்டே வாரத்தில் சாத்தூர் ரோட்டில் இன்னொரு பட்டாசு ஆலையில் அவளுக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது. அவர்களும் இதே கருவியோடு ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருந்தார்களாம். அந்தக் கேட்டில் என் சிநேகிதன் சங்கிலிமுத்து இருக்கிறான், அவன்தான் சொன்னான்.

சாவி போட்ட முப்பத்தோராம் நாள் காலை எட்டரை. கணக்கு மேலே போகவில்லை. உத்தரவுப்படி ஒரு செட்டும் திறக்கவில்லை. நானூறு பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சுவரில் ஒட்டிய தாள் எங்கே என்று கேட்டால், ஹரிபிரசாத் மெயிலின் சட்டத்தைக் கம்ப்யூட்டருக்கு மேலே மாற்றி மாட்ட ஆணி அடித்தபோது கிழித்தாயிற்றாம். ராம்குமார் கேட்டுக்கு ஓடி வந்து போனை வாங்கி ஹரிபிரசாத்தைக் கூப்பிட்டார். "ஒரே ஒரு கமாண்டுதான் சார்" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. எந்தக் கமாண்டு என்று அவருக்குத் தெரியவில்லை. பலவேசம் அண்ணாச்சி ஆபீஸ் வாசலில் நின்று, "ஏலே, அந்தப் பழைய நோட்டை எடுங்கலே! எழுதிட்டுச் செட்டைத் திறங்க!" என்று போட்ட சத்தம் ஆமத்தூர் வரை போயிருக்கும்.

ராம்குமார் செல்வலட்சுமி நம்பரை அழுத்தினார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். மூன்றாவது தடவை அழுத்தும்போது, செட்டுக்குப் போகிற கூட்டத்திலிருந்து அய்யம்மாள் விலகி அவர் பக்கத்தில் வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதலாளி வீட்டு ஆளிடம் அவள் தானாகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எடுக்க மாட்டா சின்ன மொதலாளி. அவ ஆபீசுக்குள்ள இருக்கா. போனு அந்த ஆலை கேட்டுப் பெட்டியில இருக்கும். சாயங்காலம் அஞ்சரைக்கு அடிங்க."

சொல்லிவிட்டு ஏழாம் செட்டைப் பார்த்து நடந்தாள். ராம்குமார் போனைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு உள்ளே போகத் திரும்பினார். நான் கையை நீட்டினேன். போனைக் கொடுத்தார். நாற்பத்தொன்று காலியாக இருந்தது, அதில் வைத்தேன்.