அம்மா வாங்கிய சர்ட்டிபிகேட்டுகள்

நான் நாலாம் வகுப்பு படிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் அதிகமாகச் சர்ட்டிபிகேட் வாங்கியிருந்தது அம்மாதான். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு நடந்து மூன்றாவதாக வந்ததற்குக் கொடுத்தது. அம்மாவிடம் ஐந்து இருந்தன. அசலைப் பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸை மட்டும் ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்திருப்பாள். எல்லாவற்றிலும் இரண்டு யானைகள் போட்ட கேரள அரசாங்க முத்திரை இருக்கும். என்னுடையதில் ஹெட்மாஸ்டர் கையெழுத்து மட்டும்தான், அதுவும் மழையில் நனைந்து கலைந்திருந்தது.

வகுப்பில் ஒருநாள் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். எங்கள் அம்மாவுக்கு வருஷாவருஷம் வில்லேஜ் ஆபீசில் சர்ட்டிபிகேட் கொடுக்கிறார்கள் என்று. எதற்கு என்று டீச்சர் கேட்டார். மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்ததற்கு என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, போய் உட்காரச் சொன்னார். என் காலர் நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு நாலு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். ஏலத்தோட்டத்தில் நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார். அதன் பிறகு அரசாங்கம் அம்மாவுக்கு விதவை பென்சன் கொடுத்தது. அதை ஒட்டி என் படிப்புக்கும் ஏதோ உதவி வந்தது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, இந்தப் பெண் இன்னும் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று வில்லேஜ் ஆபீசில் எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இரண்டும் நின்றுவிடும். கரண்டியில் எலுமிச்சம்பழத்தை விழாமல் கொண்டுபோவதைப் போல இதுவும் ஒரு சிரமமான காரியம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயம் உடும்பஞ்சோலைப் பக்கத்தில் ஒரு சரிவில் இருந்தது. அம்மா போடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள். கடைகண்ணிக்குப் போகிற அளவு மலையாளம் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நான் படித்ததோ மலையாளப் பள்ளிக்கூடம். அதனால் மூன்றாம் வகுப்பிலிருந்தே எங்கள் வீட்டின் ஆபீஸ் காரியங்கள் எல்லாம் என்னிடம் வந்துவிட்டன. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், அம்மா எங்கே கையெழுத்துப் போட வேண்டும், கவுண்டரில் உள்ளவர் கோபமாகச் சொன்னதை எப்படிக் கோபமில்லாமல் தமிழில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம் ஒன்று உண்டு. அதை ஸ்டோர் என்பார்கள். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரை நான் ஸ்டோர் மாமா என்று கூப்பிடுவேன். எங்களுக்குச் சொந்தமில்லை, கம்பம் பக்கத்துக்காரர். அம்மாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நீங்கள் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். அடுப்பை விட்டுவிட்டு வர நேரம் கிடைக்கவில்லை என்றார். அதை நம்பினேன்.

அடுப்பை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். வாசலில் கிடந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அம்மா கொடுக்கிற கடுங்காப்பியைக் குடிப்பார். மிளகுக்கொடி வாடுவதைப் பற்றியும், யார் வீட்டில் திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் தூக்கம் வரும். ஆனால் அந்தப் பேச்சுக்கு அம்மா சிரிப்பாள். மற்ற நாட்களில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறவள், அன்றைக்கு மட்டும் மூட மறந்துவிடுவாள்.

மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அட்டை. ஸ்டோர் மாமா எனக்கு ஒரு குச்சி செய்து கொடுத்திருந்தார். நுனியில் உப்பும் புகையிலைத் தூளும் வைத்துக் கட்டிய துணிமூட்டை. அதைக் காலில் ஏறின அட்டைமேல் வைத்தால் சுருண்டு விழுந்துவிடும். லயத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு குச்சி கிடையாது. மலை முழுக்கத் தேடினாலும் அவரைப் போல ஒருத்தர் கிடைக்கமாட்டார் என்பது அப்போது என் தீர்மானம்.

அந்த வருஷம் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு சாயங்காலம் கங்காணி வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுருக்காக. பென்சன் வாங்குற பொம்பளைக சில பேரு ஆம்பளையோட குடும்பம் நடத்துறாகன்னு. புது ஆபீசரு வீடு வீடா வந்து விசாரிக்கப் போறாராம்” என்றாள் அக்கா. குரலைத் தாழ்த்தி, “ஞாயித்துக்கெழம வந்து போறவரக் கொஞ்சம் நிப்பாட்டி வையி. ஒரு ஆள் கண்ணுல பட்டாப் போதும், கையெழுத்துப் போடமாட்டாக” என்றாள்.

“வரட்டும்க்கா. வந்தா பாத்துக்கலாம்” என்றாள் அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஷயத்தின் தீவிரம் அம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் இப்படிப் பேசுவாளா? இது மலையாளத்தில் நடக்கிற காரியம், நான்தான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. குச்சியை எடுத்துக்கொண்டு மேல் டிவிஷனுக்கு ஏறினேன். ஸ்டோருக்குள் கண்ணைத் திறக்க முடியாத வெக்கை. மாமா கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக் காயைக் கையால் பரத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “என்ன தாயி, மழையோட வந்துருக்க?” என்றார்.

மூச்சு வாங்கிக்கொண்டே, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். “இனிமே நீங்க எங்க வீட்டுக்கு வராதீங்க மாமா.”

அவர் கை நின்றது. “அம்மா சொல்லிவிட்டாளா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார் என்று தோன்றியது.

“ஆமா” என்றேன்.

அவர் இன்னும் ஒரு தட்டைப் பரத்தி முடித்தார். “சரி தாயி” என்றார். போகும்போது இருட்டு விழுவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லி, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அம்மா காப்பி போட்டு வைத்தாள், ஆறியது, மறுபடி சூடாக்கினாள். “ஸ்டோர்ல காய் ரொம்ப வந்துருக்கோ?” என்று என்னைக் கேட்டாள். “ரொம்ப” என்றேன். பொய் சொல்வது முதல் முறைதான் கஷ்டம் என்று அந்த வாரத்தில் கண்டுகொண்டேன்.

ஆபீசர் புதன்கிழமை வந்தார். அன்றைக்கு வருகிறார் என்று தெரிந்து, அம்மா வேலைக்குப் போகாமல் இருந்தாள். என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. நான் கற்பனை செய்து வைத்திருந்த ஆள் வேறு. வந்தவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் செருப்புமாக, களைத்துப்போய் நின்றார். கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. என் குச்சியைக் கொடுத்தேன். அட்டை விழுந்ததும் “மிடுக்கி” என்று என்னைப் பாராட்டினார். சர்ட்டிபிகேட் கிடைத்த மாதிரிதான் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அம்மா பாய் விரித்துச் சுக்குக்காப்பி கொடுத்தாள். அவர் கேட்பதை நான் தமிழில் சொல்வேன், அம்மா சொல்வதை மலையாளத்தில் சொல்வேன். பெயர், வயது, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் முடிந்தது. பிறகு பேனாவைப் பிடித்துக்கொண்டு, “ஆரெங்கிலும் இவிடெ வராறுண்டோ?” என்று கேட்டார். யாராவது இங்கே வருவதுண்டா என்று.

“ஆருமில்ல சார்” என்றேன், அம்மாவின் பக்கம் திரும்பாமலேயே.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேட்டது உன்னை அல்ல, அம்மாவை என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“என்ன கேக்குறாரு?” என்றாள் அம்மா.

“யாராச்சும் நம்ம வீட்டுக்கு வருவாங்களான்னு கேக்குறாரு.”

அம்மா வாசலைப் பார்த்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. “முன்ன வந்தாக. இப்ப யாரும் வர்றதில்ல” என்றாள்.

நான் இரண்டாவது பாதியை மட்டும் மலையாளத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் எழுந்தபோது, அம்மாவும் எழுந்து, “சார், ஒரு விசயம்…” என்றாள். அவர் நின்றார். நான் மொழிபெயர்ப்பதற்குத் தயாராக நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க, வழுக்கும்” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, என்னைக் கங்காணி வீட்டில் விட்டுவிட்டு, தனியாக மேல் டிவிஷனுக்குப் போனாள். நான் சொன்ன பொய் அங்கே உடைந்துவிடும், திரும்பி வந்ததும் அடி நிச்சயம் என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்தாள். அடிக்கவில்லை, கேட்கவும் இல்லை. என்னை முன்னால் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, ரொம்ப நேரம் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, ஒனக்கு நான் மட்டும் இருந்தாப் போதுமா?” என்று கேட்டாள்.

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். “போதும்மா” என்றேன்.

மாமா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று தெரிந்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி. அவர் மேலிருந்த மதிப்பு இன்னும் கூடிவிட்டது. தை மாதம் அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லையே என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அந்த வருஷத்துச் சர்ட்டிபிகேட் வந்த அன்று அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்துத் தமிழில் சொன்னேன். மேற்படியாள் இந்நாள் வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று, இரண்டாவது முறை இன்னும் சத்தமாக வாசித்தேன்.

அதற்குப் பிறகும் வருஷாவருஷம் வாங்கினாள். நான் நர்சிங் படித்தேன், பாலக்காட்டில் வேலை கிடைத்து அங்கேயே கல்யாணமும் ஆனது. அம்மா மலையை விட்டு வர மறுத்துவிட்டாள். போன வருஷம் லீவில் போயிருந்தபோது, பென்சனுக்காகக் கைரேகை வைக்க அவளைக் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். சர்ட்டிபிகேட்டும் வேண்டுமா என்று கேட்டதற்கு, அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அறுபது வயதாகிவிட்டது, இனிமேல் வேண்டாம் என்றாள். இனி அம்மா யாரைக் கட்டிக்கொண்டாலும் அரசாங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை போலிருக்கிறது.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது இதைச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், அத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். “அந்த ஸ்டோர் மாமாகிட்ட வராதீங்கன்னு சொன்னது நான்தாம்மா.”

“தெரியும். நான் போன அன்னைக்கே சொன்னாரு.”

“தெரிஞ்சும் ஏம்மா…”

“புள்ளைக்கே பிடிக்கலைங்கும்போது என்னடி பண்ணச் சொல்ற? பாப்பா மனசு கோண வேண்டாம்னு அவரும் சொல்லிட்டாரு.” பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, “அந்த ஆபீசரு வந்தப்ப, இனிமே எனக்குப் பென்சன் வேண்டாம்னு எழுதிக் குடுக்கத்தான் வேலைக்குப் போகாம உக்காந்துருந்தேன்” என்றாள்.

“எனக்கு அவரப் பிடிக்காம இல்லம்மா. ரொம்பப் பிடிக்கும். சர்ட்டிபிகேட் கெடைக்காமப் போயிருமேன்னுதான்…”

அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

“அதுக்கா?” என்றாள்.

பஸ் வந்துவிட்டது. ஏறி ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்துகொண்டோம். ஒன்பது வயதில் அந்த மழை நாளில் ஆபீசருக்கும் அம்மாவுக்கும் நடுவே நின்று, அவர் கேட்டதை இவளுக்கும் இவள் சொன்னதை அவருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னபோது, ஒரு தப்பும் இல்லாமல் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.