மலைப்புறாவின் மார்பில் ஒரு துளை

மார்பு இறகுகளை இருபக்கமும் விலக்கிக்கொண்டே வந்த விரல்கள் ஓரிடத்தில் நின்றன. தோலில் பட்டாணி அளவு துளை. சுற்றிலும் கருஞ்சிவப்பாய் ஏதோ உறைந்திருந்தது.

இறந்த பறவைகளை உரித்து, பஞ்சடைத்துப் பாடம் செய்வது அவர் தொழில். வனத்துறைக் காட்சிக்கூடத்துப் பறவைகளில் பாதி அவர் கைபட்டவை. சுட்டது என்று தெரிந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதிகாரிக்குத் தகவல் சொல்லிவிடுவார். இந்த மலைப்புறாவைக் கொண்டுவந்ததோ அவர் மனைவியின் தம்பி. காட்டுக் காவலன், வீட்டில் ஏர்கன் வைத்திருப்பவன்.

"நம்ம வனத்துறை விடுதி ஜன்னல் கண்ணாடியில மோதிச்சு மாமா. ஓடிப்போய்ப் பாத்தா உயிர் இல்ல."

"கண்ணாடி எப்படி மச்சான் ஓட்டை போடும்?"

"எனக்கென்ன தெரியும், நீங்கதானே டாக்டர்."

"செத்ததுக்குத்தான் டாக்டர். பொய்க்கு இல்ல."

வழக்கமாகக் கொடுத்த கையோடு கிளம்பிவிடுபவன் இன்று நகரவே இல்லை. உட்காரவும் இல்லை. பார்வை முழுக்க அந்த மார்பின் மேலேயே இருந்தது.

மனைவி தேநீரோடு வந்தாள். "என் தம்பியத் திருடன் மாதிரி விசாரிக்காதீங்க. வேலை போச்சுன்னா பெண்டாட்டி பிள்ளையோட நம்ம வீட்டுக்குத்தான் வருவான்."

"அதுக்காகக் கண்ணை மூடிக்கணுமா?"

"நல்லாத் திறந்து பாத்துட்டுப் பேசுங்கன்னு சொல்றேன்."

அவர் தோலை உரித்தார். மரத்தூளைத் தூவி ஈரத்தை ஒற்றியெடுத்தார். விலா எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஈயக் குண்டும் அகப்படவில்லை.

"நீயே நோண்டி எடுத்துட்டியா?"

மைத்துனன் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தான். சந்தேகம் இன்னும் இறுகியது.

பழச்சாறு இறகில் பட்டால் கறை போகாது. அதனால் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையை அவர் எப்போதும் கடைசியில்தான் தொடுவார். இன்றும் அப்படித்தான். தொட்டதும் கை நின்றது. பை வெடித்திருந்தது. பழத்தை முழுசாக விழுங்கும் பறவை இது. வயிறு முட்டத் தின்றுவிட்டு மோதியிருக்கிறது. கொட்டையோடு சதை பிதுங்கி, மேல்தோலும் கிழிந்திருக்கிறது. ஈரப் பஞ்சால் அந்தக் கருஞ்சிவப்பைத் துடைத்து முகர்ந்தார். புளிப்பு வாசனை, ரத்தம் அல்ல.

"அப்புறம் ஏன்டா முழிச்சிக்கிட்டு நின்ன?"

மைத்துனன் தம்ளரைக் கீழே வைத்தான். "பறவைங்க மோதுதுன்னு அந்த ஜன்னல் திரையை மூடியே வைக்கணும்னு உத்தரவு மாமா. நான் மறந்துட்டேன். நான்தான் கொன்னேன்னு சொல்வாங்களே."

அவர் மறுபடி பறவையின் மேல் குனிந்தார். தோலின் உள்பக்கம் மருந்து தடவி, பஞ்சு திணித்து, கிழிசலை உள்ளிருந்தே தைத்தார். கம்பி செருகிய கால்களைப் பலகையில் நிறுத்தி, இறகு காயும்வரை துணி சுற்றி வைத்தார்.

காய்ந்ததும் மைத்துனனுக்கு ஆள் அனுப்பினார். வந்தவன் மார்பை உற்று உற்றுப் பார்த்தான். துளை இருந்த இடமே தெரியவில்லை.

"அதிகாரிகிட்ட நீயே கொண்டுபோ. திரை விஷயத்தையும் நீயே சொல்லு. நாளைக்கு நானும் அவரப் பாக்கப் போறேன்."

"இன்னும் நம்பிக்கை வரலையா மாமா?"

"புறா மேல வந்துடுச்சு," என்று சொல்லிப் பலகையை நீட்டினார். மைத்துனன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.