ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

அட்டவணையைக் கூட்டிப் பார்ப்பதை ஒரு தொழில் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஒரு மில் தொழிலாளி வேலையில் நிற்பதும் தெருவில் நிற்பதும் அந்தக் கூட்டலில்தான் இருக்கிறது. வருகைப் பதிவேட்டால் அடிபட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடந்த அநியாயங்களை மட்டும் வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நான் வேலைக்குச் சேர்ந்த நூல் மில்லில் என் பெயரைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதினார்கள். இரண்டாவது, சங்கத்தில் சேர்ந்த மறுவாரம் அதை ரப்பரால் அழித்தார்கள். மூன்றாவது, அந்தப் பென்சிலைப் பற்றி நான் எழுதிய துண்டறிக்கையைச் சங்கம் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தது. எழுதியவன் பெயரைப் போடவில்லை. நான்காவது, போராட்டம் முடிந்து ஒப்பந்தம் போட்ட அன்று, வாசலில் தொண்டை கிழிய முழக்கம் போட்ட என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஐந்தாவது அநியாயத்தைச் செய்தது நான். அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஐம்பத்தேழு

இருபத்து நான்கு மாதத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். இது சட்டம். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு நான் சங்கரன்கோவில் வட்டாரத்து மில் வாசல்களில் எல்லாம் பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில்தான். துண்டறிக்கையில் அநியாயம் இருக்கும், அறைகூவல் இருக்கும், அட்டவணை இருக்காது.

பரமசிவம் என்ற தொழிலாளிக்காக வழக்கு நடத்தியபோது அவர் வருகை அட்டவணை இரண்டு தாளாக வந்தது. முதல் தாளில் மூன்று மாதம்தான். அடியில் ஐம்பத்தேழு என்று தொகை போட்டிருந்தார்கள். இரண்டாம் தாளின் தலையில் அதே ஐம்பத்தேழு, பக்கத்தில் 'மு.தொ.' என்று பொடி எழுத்து. முன்பக்கத் தொகை என்று அர்த்தம். எனக்குத் தெரியவில்லை. அதையும் சேர்த்துக் கூட்டினேன். நானூற்று எண்பத்தெட்டு வந்தது. வாசல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அந்த எண்ணை மூன்று தடவை சொன்னேன். கை தட்டினார்கள்.

திருநெல்வேலித் தொழிலாளர் அலுவலக விசாரணையில் அதிகாரி கூட்டியபோது நானூற்று முப்பத்தொன்றுதான் வந்தது. மனு தள்ளுபடி. பரமசிவம் பிழைப்புத் தேடிச் சிவகிரிப் பக்கம் போய்விட்டார். இன்றைக்கும் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மில்லின் சார்பில் வந்த குமாஸ்தா அன்று எல்லார் முன்னாலும் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "அண்ணாச்சி, அம்பத்தேழு நாள் உள்ள மாசம் உங்க சங்கத்துக் காலண்டர்ல மட்டும்தான் இருக்கும்."

இரண்டு நாள்

அதற்குப் பிறகு எந்த அட்டவணையையும் கூட்டாமல் யாருக்கும் பதில் சொல்வதில்லை. கூட்டிய பிறகும் லேசில் சொல்வதில்லை. இப்படி இருக்கும்போதுதான் இந்த வருடம் மாடசாமி சங்கத்து மாடி ஏறி வந்தார். மேலநீலிதநல்லூர்க்காரர். பரமசிவம் இருந்த அதே மில்லில் வைண்டிங் பிரிவு, அதாவது நூலைக் கூம்பு மாதிரியான கோனில் சுற்றும் வேலை. முப்பது வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள்.

நானூற்று எண்பது நாள் முடிக்காதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை கிடையாது என்று மில்லில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். மாடசாமி தன்னை நிரந்தரமாக்கச் சொல்லி ஏற்கெனவே மனுப் போட்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை திருநெல்வேலியில் விசாரணை. மில் தாக்கல் செய்த காகிதங்களின் நகலைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். முதல் தாளில் இருபத்து நான்கு கட்டம், மாதத்துக்கு ஒன்று. முதல் வருடம் இருநூற்று முப்பத்தெட்டு. இரண்டாம் வருடம் இருநூற்று நாற்பது. மொத்தம் நானூற்று எழுபத்தெட்டு.

இருபது நாள் குறைந்தால் மனதைத் தேற்றி அனுப்பிவிடலாம். இரண்டு நாள் குறைந்தால் என்ன சொல்லி அனுப்புவது? மாடசாமி மட்டும், சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு நாள்தான அண்ணாச்சி, எங்கனயாவது கெடக்கும்லா, நல்லாப் பாருங்க."

மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்

பார்த்தேன். மேலிருந்து கீழே கூட்டினேன். கீழிருந்து மேலே கூட்டினேன். ஜூலையையும் ஜூலையையும் சேர்த்து, ஆகஸ்டையும் ஆகஸ்டையும் சேர்த்துக் குறுக்கே கூட்டினேன். தாளைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன், மு.தொ. என்று எங்காவது பொடி எழுத்து இருக்கிறதா என்று. இல்லை. எப்படிக் கூட்டினாலும் நானூற்று எழுபத்தெட்டு. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரே திரண்டிருந்த வாரத்தில் இரண்டு நாள் லீவு போட்டதாக மாடசாமியே சொன்னார். கோயிலுக்குப் போன மனிதன் மேல் எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு நிலை.

கிளைச் செயலாளர் குருநாதன் இதையெல்லாம் எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடம் முழக்கம் போடப் படித்தவன். இப்போது நாற்காலி அவனுக்கு. செல்போனில் இருபத்து நான்கு எண்ணையும் தட்டி, விடையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதுவும் நானூற்று எழுபத்தெட்டுதான் சொன்னது. பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சிரிக்காமல் சொன்னான்: "வேணும்னா மைக்கைக் கையில தாரேன் அண்ணாச்சி, நீங்க சொன்னா அம்பத்தேழு தன்னால கூடும்லா."

ஞாயிற்றுக்கிழமைக் கறி

செவ்வாய்க்கிழமை மேலநீலிதநல்லூருக்குப் பஸ் ஏறினேன். மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம், தோற்றுப்போன மனு பின்னால் உதவாது என்று சொல்வதற்காகத்தான் போனேன். மறைக்க விரும்பவில்லை. இன்னொரு பரமசிவம் என் கணக்கில் சேருவதற்கு எனக்குப் பயம்.

மாடசாமியின் மனைவி செல்லத்தாய் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு நான் கொண்டுபோயிருந்த காகிதக் கட்டிலிருந்து மற்றத் தாள்களை எடுத்துப் புரட்டினார். அவை தினசரி வருகைத் தாள்கள், நாளுக்கு ஒரு கட்டம். முதல் தாளின் தொகையிலேயே விழுந்து கிடந்த நான் அவற்றை ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. அவர் விரலை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் எல்லாவற்றிலும் விடுமுறைக்கு 'வி' என்று அச்சடித்திருந்தது.

"இதுல ஒரு ஞாயித்துக்கிழமைகூட டிக் இல்லையே" என்றார்.

"ஞாயிறு மில்லு லீவும்மா" என்றேன்.

"லீவு எனக்குத் தெரியாதா? மூணாம் ஷிப்ட் வாரம் சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு உள்ள போனா, ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குத்தான விடுவான்? வாற வழியிலதான் இவிய கறி எடுத்துட்டு வருவாவ. அந்தக் கறியத் தின்னது நெசம்னா அந்த ராத்திரி எங்கன அண்ணாச்சி போச்சு?"

அச்சடித்த எழுத்து

சுவரில் ஒரு கம்பி தொங்கியது. அதில் மாடசாமியின் கோன் சீட்டுகளைக் குத்தி வைத்திருந்தார்கள். வைண்டிங்கில் கூலி கோன் கணக்கு; நாள் கணக்கு இல்லை. ஒவ்வொரு ஷிப்டும் முடியும்போது எத்தனை கோன் என்று எழுதி, ஷிப்ட் தொடங்கிய தேதியைப் போட்டு, தன் கையெழுத்துடன் மேஸ்திரி ஒரு சீட்டு கொடுப்பார். கூலி சரியாக வந்ததால் வருகையை யாரும் பார்க்கவில்லை. சீட்டுகளில் பாதி கரையானுக்குப் போயிருந்தது. மிச்சத்தில் சனிக்கிழமை மூன்றாம் ஷிப்ட் என்று இருந்தவற்றை மட்டும் பிரித்து எண்ணினேன். பத்தொன்பது.

சந்தோஷப்படவில்லை. பயம் கூடியது. அந்தப் பத்தொன்பதும் வேறு கட்டத்தில் ஏற்கெனவே டிக் ஆகியிருந்தால், ஒரே நாளை இரண்டு தடவை கூட்டிய குற்றம் மறுபடி என் தலையில் விழும். மறுநாள் முழுக்கச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, மில்லின் டைம் ஆபீஸ்காரரைப் பிடித்தேன். பதிவேட்டில் டிக் போடுகிறவர். கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, இரவு ஷிப்டுக்கு எப்போது டிக் போடுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். காலையில் வெளியே வரும்போது, அந்தக் காலைத் தேதியில் போடுவேன் என்றார். சனி ராத்திரி ஷிப்டுக்கு? மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டு, நியாயம் கேட்கிற முகத்தோடு சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக் கட்டத்துல 'வி'ன்னு அச்சடிச்சே வருது; அச்சடிச்ச எழுத்து மேல நான் எப்படி வே டிக் போட முடியும்?"

ஆறு சீட்டு, ஐந்து டிக்

வியாழக்கிழமை திருநெல்வேலி. அதே அலுவலகம், மில் சார்பில் அதே குமாஸ்தா. தலை மட்டும் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மரியாதையாகக் காலண்டர் பக்கம் கண்ணைக் காட்டினார். மாடசாமியும் செல்லத்தாயும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செல்லத்தாயின் மடியில் சீட்டுக் கம்பி.

எத்தனை நாள் என்று அதிகாரி கேட்டார். அவர் அந்தப் பதவிக்குப் புதியவர், பெண். என் நாக்கு நுனியில் நானூற்றுத் தொண்ணூற்றேழு நின்றது. சொல்லவில்லை. "எண்ணை நான் சொல்லமாட்டேன் அம்மா. ஒரு தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களே கூட்டுங்கள்" என்று என் பேனாவை அவர் முன்னால் வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேசை முன்னால் பேசாமல் நின்றேன்.

அவர் சனிக்கிழமைச் சீட்டுகளை எண்ணினார். பத்தொன்பது. குமாஸ்தா எழுந்து, அந்த ராத்திரிகள் எல்லாம் சனிக்கிழமை டிக்கிலேயே அடங்கிவிட்டன என்றார். நான் பயந்த கேள்வி. செல்லத்தாய் கம்பியிலிருந்து ஒரே வாரத்துச் சீட்டுகளைக் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார். திங்கள் ராத்திரி முதல் சனி ராத்திரி வரை ஆறு சீட்டு. அதே வாரத்து வருகைத் தாளில் செவ்வாய் முதல் சனி வரை ஐந்து டிக். சனிக்கிழமை டிக், வெள்ளி ராத்திரியுடையது. ஆறாவது சீட்டுக்குக் கட்டம் இல்லை. ஞாயிறு ராத்திரி ஷிப்ட் கிடையாது என்பதால் திங்கட்கிழமைக் கட்டம் காலி. 'திங்கட்கிழமையானால் இவன் வேலைக்கு வருவதில்லை' என்று மில் தன் பதிலில் எழுதியிருந்ததன் ரகசியமும் அதுதான்.

அதிகாரி சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தாளோடு ஒட்டிப் பார்த்தார். பத்தொன்பது வாரமும் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நானூற்றுத் தொண்ணூற்றேழு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். தீர்ப்புச் சொல்லவில்லை. உத்தரவு வரும்வரை மாடசாமியை நிறுத்தக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்களை மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார். வெளியே வந்ததும் செல்லத்தாய் என்னைக் கேட்டார்: "ரெண்டு கோடு போட்டா முடிஞ்சதுன்னு அர்த்தமா அண்ணாச்சி, இல்ல இன்னும் கூட்டுவாவளா?"

கடைசி வரி

அந்த மூன்று வாரமும் நான் கூட்டிக்கொண்டேதான் இருந்தேன். டீக்கடையில், பஸ்ஸில், படுக்கையில். ஒரு நாள் கனவில் ஐம்பத்தேழு வந்தது. உத்தரவு நாளன்று குருநாதனும் பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமே என்றான்.

மாடசாமியை நிரந்தரமாக்க வேண்டும் என்று உத்தரவு. குமாஸ்தா ஒரு பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட, குருநாதன் மறுபக்கம் போட்டான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன். குருநாதன் என் காதருகே குனிந்து சொன்னான்: "என்னத்தத் தேடுதிய அண்ணாச்சி? அதுல உங்க பேரு இருக்காது."

ஆறாவது அநியாயமாக, கணக்குப் போட்டவன் பெயர் அந்த உத்தரவிலும் இல்லை என்றாலும், பென்சிலில் இல்லாமல் மையில் எழுதியிருந்த ஒரு பெயரை அதிகாரி எழுந்து நின்று சாட்சிகள் முன்னிலையில் சத்தமாக வாசித்தார்: "சுடலை மகன் மாடசாமி."